பவுனு பார்த்து வைத்த ஊர்

டெல்லி முனிர்காவின் சந்துகளில் பவுனுவைத் தெரியாத தமிழ்ப் பெண் யாராவது இருந்தால், அவள் நேற்றுத்தான் ரயிலில் வந்து இறங்கியிருக்க வேண்டும். நாலு வீட்டில் பாத்திரம், துணி, பெருக்கித் துடைக்கிற வேலை. கணவர் வேலு டைல்ஸ் பதிக்கிறவர். ஒரே மகள் கவிப்ரியா பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறாள். குடியிருப்பது மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. இதெல்லாம் அந்தச் சந்தில் நூறு பேருக்குப் பொருந்தும். பவுனுவுக்கென்று இருக்கிற பெயர் வேறொரு காரியத்தால் வந்தது. வீட்டுவேலை செய்யும் அந்தப் பெண்கள் ஊர் சுற்றப் போகும்போது எந்த ஊருக்குப் போவது என்று முடிவு செய்கிறவள் அவள்தான்.

வருஷத்துக்கு மூன்று பயணம். காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிட வேண்டும், ஏனென்றால் மறுநாள் ஆறு மணிக்கு யாராவது ஒரு மேடம் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பாள். மலை மந்திர் முருகன் கோயிலில் கிருத்திகைக்குக் கூடும்போது, சாமி கும்பிட்டுவிட்டுப் படிக்கட்டில் பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் பவுனுவின் வாயைப் பார்ப்பார்கள். அவள் ஓர் ஊரின் பெயரைச் சொல்வாள். அதற்கு முன்னால் யாரும் அந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். "சரி, பவுனு சொன்னா போவலாம்" என்று சந்திரம்மாள் சொன்னால் பேச்சு முடிந்தது. சந்திரம்மாள் அவர்களில் மூத்தவள், அறுபதை எட்டப்போகிறவள். எதற்கும் முதலில் குறை சொல்கிறவளும் அவள்தான், ஊர் விஷயத்தில் மட்டும் சொன்னதில்லை.

இந்தப் பதவியை யாரும் பவுனுவுக்குக் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எல்லோருமாகச் சேர்ந்து டூரிஸ்ட் பஸ்ஸில் ஆக்ராவுக்குப் போனார்கள். இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு பவுனு டிக்கெட் வரிசையில் நின்றாள். பின்னால் நின்ற ஒரு பெண்மணி அவள் தோளைத் தட்டி, "உன் மேடம் எங்கே? அவங்க வந்து நிக்கட்டும், நீ எதுக்கு இடம் பிடிச்சு வைக்கிறே?" என்று ஹிந்தியில் கேட்டாள். அந்தம்மாளுக்குக் கோபம்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். பவுனு அன்றைக்குத் தாஜ்மகாலைப் பார்த்தாள். பார்த்தாளே தவிர, என்ன பார்த்தோம் என்று திரும்பி வரும்போது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த மாதமே வேலுவுக்கு ரேவாரியில் ஒரு கட்டடத்தில் வேலை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறும் கருவாட்டுக் குழம்பும் கட்டிக்கொண்டு பாசஞ்சர் வண்டியில் அவரைப் பார்க்கப் போனாள். அவர் வேலையை முடித்துவிட்டு வருகிற வரைக்கும் ஒரு டீக்கடை ஓரமாக நின்றாள். கடைக்காரர், "எங்கேயிருந்து வர்றீங்க?" என்றார். டெல்லி என்றாள். உடனே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அதைத் துண்டால் துடைத்தும் விட்டார். "டெல்லியிலேருந்து வந்திருக்கீங்க, எங்க ஊர்ல பழைய நீராவி என்ஜினெல்லாம் வெச்சிருக்காங்க, அதைப் பார்க்காமப் போகாதீங்க" என்று வழியும் சொன்னார்.

டெல்லியில் இருபது வருஷமாக அவள் மதராசி. கள்ளக்குறிச்சிப் பக்கம் சொந்த ஊருக்குப் போனாலோ, "டெல்லிக்காரி வந்துட்டா" என்று கிண்டல். ரேவாரியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த கால் மணி நேரம் அவள் வெறும் விருந்தாளி. அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அன்று இரவு வேலுவிடம், "பெரிய ஊர்ல எல்லாம் பாத்தாச்சுன்னு நெனைச்சுக்கிறாங்க, வர்றவளை நிமிந்துகூடப் பாக்கறதில்ல. சின்ன ஊருக்குத்தான் நாம வர்றது சேதி" என்றாள். வேலு அதற்கு அச்சா என்றார். அவர் பெரும்பாலும் அச்சா என்றுதான் சொல்வார்.

அதிலிருந்து ஆரம்பித்ததுதான். நார்னௌலில் தண்ணீருக்கு நடுவில் நிற்கிற மகாலையும், சர்தனாவில் அரண்மனை மாதிரி இருக்கிற மாதா கோயிலையும், குர்ஜாவில் தெருத்தெருவாகப் பீங்கான் காய வைத்திருக்கிறதையும் அந்தப் பெண்கள் பார்த்துவிட்டார்கள். அவர்கள் வேலை செய்கிற வீட்டுக்காரர்களில் பாதிப் பேருக்கு அந்த ஊர்கள் எந்தத் திசை என்றே தெரியாது. குர்ஜாவிலிருந்து வாங்கி வந்த கோப்பையை ஒரு மேடத்துக்குக் கொடுத்தபோது, இது எந்தக் கடை, ஆன்லைனில் கிடைக்குமா என்று கேட்டாளாம்.

பவுனுவுக்கு ஒரு முறை உண்டு, அதை அவள் மாற்றியதே கிடையாது. எந்த ஊராக இருந்தாலும் முதலில் தான் மட்டும் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வாரநாளில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்புவாள். பொதுப்பெட்டியில் நிற்க இடம் கிடைக்குமா, ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரமா, சந்திரம்மாளின் முட்டிக்கு ஏற்ற ஏற்றமா, குடிக்கத் தண்ணீர் எங்கே, கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்கிறதா, எல்லாவற்றையும் பார்ப்பாள். தாழ்ப்பாள் இல்லாத காரணத்துக்காக ஒரு அழகான கோட்டையையே தள்ளுபடி செய்திருக்கிறாள். கடைசியாக அந்த ஊர்ப் பெண் ஒருத்தியிடம் பேச்சுக் கொடுத்து அவள் ஃபோன் நம்பரை வாங்கிக்கொள்வாள். பெண்ணின் நம்பர் கிடைக்காத ஊருக்கு அவள் யாரையும் கூட்டிப்போனதில்லை.

இந்தத் தடவை அவள் பார்த்து வைத்த ஊரின் பெயர் தேவல்சர். ரேவாரி தாண்டி ராஜஸ்தானுக்குள் நுழைந்ததும் வருகிற சின்ன ஸ்டேஷன். ஜனவரிக் குளிரில் ஒரு வியாழக்கிழமை போனாள். நடுவூரில் எட்டு மாடி ஆழத்துக்குப் படிகள் இறங்கும் ஒரு கிணறு. சுவரெல்லாம் யானையும் குதிரையும் வரைந்த பழைய வீடு ஒன்று. அரக்கு வளையல் செய்கிற ஒரு முழுத் தெரு. அந்தத் தெருவில் கமலேஷ் என்று ஒரு வளையல்காரி, பவுனுவின் வயதுதான் இருக்கும். பவுனுவின் கையைப் பிடித்துச் சூடான அரக்கு வளையலை மாட்டிவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, ஊர்க்கதை முழுவதும் சொன்னாள். "ஹோலிக்கு வாங்க" என்றாள். "ஹோலிக்கு மறுநாள் வர்றோம், பதினாலு பேர்" என்று பவுனு சொன்னதும் கமலேஷ் கையைத் தட்டிச் சிரித்து, "அப்படீன்னா ரொம்ப நல்லது, சொல்லி வெச்சுடறேன்" என்றாள். நல்ல மனுஷி, சும்மாவே சிரிக்கிறாள் என்று பவுனு நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் என்று அவள் தேர்ந்தெடுத்ததற்குக் கணக்கு இருந்தது. வெள்ளிக்கிழமை ஹோலி. வீட்டுக்காரர்கள் வியாழக்கிழமையே வெளியூருக்குக் கிளம்பிவிடுவார்கள், சனிக்கிழமை பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும், லீவு கேட்க வேண்டிய வேலையே இல்லை. டெல்லியில் ஹோலி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தால் இரண்டு மணிக்கு எல்லாம் அடங்கிவிடும், சாயங்காலம் எல்லோரும் குளித்துவிட்டுச் சுத்தமாக நடப்பார்கள். கள்ளக்குறிச்சியில் ஹோலியே கிடையாது. ஆகவே இருபது வருஷம் டெல்லியில் பார்த்ததுதான் ஹோலி என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

இப்படி எல்லாம் தீர்மானமாகி, கிருத்திகைப் படிக்கட்டில் பெயரும் சொல்லியான பிறகுதான் ஜ்யோத்ஸ்னா கூப்பிட்டாள். பவுனு வேலை செய்கிற நாலு வீட்டில் பெரிய வீடு அவளுடையது. டி.டி.ஏ. ஃபிளாட்டில் இரண்டு வயதுக் குழந்தையோடு இருக்கிறாள். கெட்டவள் இல்லை.

"பவுனு, ஹோலிக்கு நாங்க நாலு நாள் உதய்பூர் போறோம். நீயும் வாயேன். பிளேன்ல போகலாம். ஏரிக்கரையில பெரிய ஹோட்டல்" என்றாள்.

பவுனு துடைப்பத்தை ஓரமாக வைத்தாள். பிளேன் என்ற வார்த்தை அவளையும் ஒரு நிமிஷம் தூக்கத்தான் செய்தது. "நான் அங்க வந்து என்ன பாக்கலாம் தீதி?" என்று கேட்டாள்.

ஜ்யோத்ஸ்னாவுக்குக் கேள்வி புரியவில்லை. "குழந்தையைத்தான் பார்த்துக்கணும். நாங்க வெளியில சுத்தும்போது அவன் தூங்கணும் இல்லையா? ரூம் ஜன்னல்லேருந்தே ஏரி தெரியும்."

"சனிக்கிழமை எனக்கு ஆகாது தீதி. நாங்க பதினாலு பேரு தேவல்சர் போறோம்."

"அது எங்கே இருக்கு? கேள்விப்பட்டதே இல்லையே."

"யாரும் கேள்விப்படாத ஊருக்குத்தான் தீதி நாங்க போவோம்" என்றாள் பவுனு. ஜ்யோத்ஸ்னாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. சரி, ஏஜென்சியில் ஒரு பெண்ணைக் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த வாரம் முழுக்க அவள் பவுனுவிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் கவிப்ரியாதான் பொரிந்து தள்ளினாள். டெல்லியிலேயே பிறந்த பெண். கோபம் வந்தால் அவளுடைய தமிழில் ஹிந்தி கலந்துவிடும், ரொம்பக் கோபம் வந்தால் இங்கிலீஷும் சேர்ந்துகொள்ளும்.

"பாகல் ஆயிட்டியாம்மா? ஃப்ளைட், ஹோட்டல், எல்லாம் ஃப்ரீ. அதை விட்டுட்டு பொதுப்பெட்டியில நின்னுட்டு எந்த ஊர்னே தெரியாத ஊருக்குப் போறே."

"நான் பாத்து வெச்ச ஊருடி அது. பதினாலு பேருகிட்ட சொல்லியாச்சு."

"பாத்து வெச்சியா? ஒண்ணு சொல்லவா? சின்ன ஊர் பிடிச்சுப் போய் நீங்க யாரும் போகல. பெரிய ஊர்ல போய்த் தங்கிப் பாக்க நமக்கு முடியாது, அதனால போறீங்க. அதை சூஸ் பண்றோம்னு நீ சொல்லிக்கறே. என் காலேஜ்ல லீவுக்கு எங்க போனேன்னு கேட்டா, குர்ஜான்னு சொல்லவா?"

வேலு சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். அச்சா என்று சொல்லவில்லை. பவுனுவுக்குச் சுருக்கென்றது. ஆக்ராவில் அந்தம்மாள் தோளைத் தட்டிக் கேட்டபோது வலித்ததைவிட இது அதிகமாக வலித்தது, ஏனென்றால் கேட்டது தன் வயிற்றில் பிறந்தது. ஒன்பது வருஷமாக அவள் பெருமையாக நினைத்திருந்த ஒரே காரியத்தை, இல்லாமைக்குப் போட்ட முக்காடு என்கிறாள் மகள். அதற்கு வாயால் பதில் சொல்ல முடியாது என்று பவுனுவுக்குப் பட்டது.

"இந்த ஒரு தடவை நீயும் வா" என்றாள். "வந்து பாத்துட்டு அப்பவும் இதையே சொல்லு. அதுக்கப்புறம் நான் ஊர் தேடறதை விட்டுடறேன். சந்திரம்மாக்கா யாரையாவது பஸ்ஸு புடிக்கச் சொல்லி ஆக்ராவே போவட்டும்."

கவிப்ரியா அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அம்மா இப்படியெல்லாம் பந்தயம் கட்டுகிறவள் இல்லை. "டீக், வர்றேன்" என்றாள்.

சனிக்கிழமை விடிகாலையில் சராய் ரோஹில்லாவில் வண்டி ஏறினார்கள். ஊர் சுற்றப் போவதென்றால் இந்தப் பெண்கள் கல்யாணத்துக்குப் போகிற மாதிரிதான் கிளம்புவார்கள். சந்திரம்மாள் பெட்டியின் அடியிலிருந்து மாம்பழக் கலர் சின்னாளப்பட்டை எடுத்துக் கட்டியிருந்தாள். பவுனு நீலப் பட்டுக்கரை. எல்லோர் தலையிலும் மல்லிகை. கவிப்ரியா புதிதாக வாங்கிய வெள்ளைக் குர்தா போட்டிருந்தாள், புளிசாதத்துப் பை பக்கத்தில் உட்காராமல் தள்ளி உட்கார்ந்தாள். ஹோலிக்கு மறுநாள் ஆனதால் பெட்டி காலியாக இருந்தது, ஆளுக்கொரு ஜன்னல் கிடைத்தது. பாத்தியா, அதுக்குத்தான் மறுநாள்னு வெச்சேன் என்று பவுனு பெருமைப்பட்டுக்கொண்டாள். அந்தப் பெருமைக்கு ஆயுள் மூன்று மணி நேரம்.

தேவல்சர் ஸ்டேஷனில் அவர்களைத் தவிர யாரும் இறங்கவில்லை. பச்சைக்கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்த ரயில்வே ஊழியரின் முகம் ஒரு பக்கம் ஊதா, ஒரு பக்கம் மஞ்சள். அவர் அந்தப் பதினாலு பேரையும், கவிப்ரியாவின் வெள்ளைக் குர்தாவையும் மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னிக்கு எங்கே வந்தீங்க?" என்றார். "ஹோலி நடக்குது."

"ஹோலி நேத்துதானே?" என்றாள் பவுனு.

"நேத்து எல்லா ஊருக்கும். இன்னிக்கு எங்க ஊருக்கு. இன்னிக்குத்தான் பெரிசு. மூணு மணி வரைக்கும் ஒரு கடை கிடையாது, ஒரு ஆட்டோ கிடையாது. வெளியே போனீங்கன்னா இந்தப் புடவையெல்லாம் அவ்வளவுதான்."

வெளிவாசல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். தெரு முழுக்கத் தண்ணீரும் சாயமும் ஓடியது. மேளச் சத்தம் காதைப் பிளந்தது. ஆண்கள் வாளிகளோடு கும்பல் கும்பலாகப் போய்க்கொண்டிருந்தார்கள். தாழ்ப்பாளிலிருந்து முட்டிவலி வரைக்கும் விசாரித்த பவுனு, இந்த ஊர் எந்த நாளில் ஹோலி ஆடும் என்று விசாரிக்கவில்லை. டெல்லியின் ஹோலியைத்தான் ஹோலி என்று நினைத்திருந்தாள்.

பதினாலு பேரும் பிளாட்பாரத்துப் பெஞ்சுகளில் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பவுனுவுக்குப் பாரம் குறைந்திருக்கும்.

"திரும்புற வண்டி எத்தினி மணிக்கு?" என்றாள் சந்திரம்மாள்.

"நாலு இருபது."

"இப்ப மணி என்ன?"

"பத்தாவப் போவுது."

சந்திரம்மாள் புடவைத் தலைப்பை இழுத்து மடியில் சுருட்டி வைத்துக்கொண்டாள். கவிப்ரியா ஃபோனில் தேவல்சர் என்று தேடினாள். ஒரு அஞ்சல் நிலையத்தின் விவரம் மட்டும் வந்தது. ஃபோனை அணைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். இதற்காகவா பிளேனை விட்டாய் என்று அந்தப் பார்வையிலேயே இருந்தது. பவுனுவுக்கு அவமானத்தில் கண் எரிந்தது. ஆறு மணி நேரம் இந்த பெஞ்சில் புளிசாதத்தைத் தின்றுவிட்டுத் திரும்பினால், மகள் சொன்னது சரி என்றாகிவிடும். வக்கில்லாதவர்கள் வந்து ஒரு வக்கில்லாத ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள் என்றாகிவிடும்.

பவுனு எழுந்து பிளாட்பாரத்தின் ஓரத்துக்குப் போய்க் கமலேஷுக்கு ஃபோன் போட்டாள். நாலு தடவை அடித்தும் எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை மேளச் சத்தத்துக்கு நடுவில் கமலேஷின் குரல் கத்தியது. "வந்துட்டீங்களா? எங்கே?"

"ஸ்டேஷன்ல உக்காந்திருக்கோம் பெஹன். இன்னிக்கு உங்க ஊர்ல ஹோலின்னு எனக்குத் தெரியாது. தப்பான நாள்ல கூட்டிட்டு வந்துட்டேன்."

"தெரியாதா? ஹோலிக்கு மறுநாள்னு நீங்கதானே கேட்டு வாங்கினீங்க? இதுக்காகத்தான் அவ்வளவு தூரத்துலேருந்து வர்றீங்கன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கோம். அங்கேயே இருங்க" என்று வைத்துவிட்டாள்.

கால் மணி நேரத்தில் கமலேஷ் வந்தாள். தனியாக வரவில்லை. பின்னால் முப்பது பெண்கள். எல்லோரும் புடவையைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்தார்கள். ஒவ்வொருத்தியின் கையிலும் நனைத்து முறுக்கிய துணிச் சாட்டை. டிக்கெட் பரிசோதகரின் அறைக் கதவு உள்பக்கமாகத் தாழிடப்படும் சத்தம் கேட்டது.

கமலேஷ் வந்ததும் பவுனுவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நீலப் பட்டுக்கரையில் இரண்டு கை அடையாளம் சிவப்பாக விழுந்தது. பிறகு எல்லோருக்கும் சட்டத்தைச் சொன்னாள். "இன்னிக்கு ஊர் எங்களோடது. ஆம்பளை தூர நின்னு தண்ணி ஊத்தலாம். கையால தொடக் கூடாது. நாம சாட்டையால எவ்வளவு வேணா அடிக்கலாம். சேர்மேனா இருந்தாலும் சரி, போலீஸா இருந்தாலும் சரி, திருப்பி அடிக்கக் கூடாது." சொல்லிக்கொண்டே ஆளுக்கொரு சாட்டையைக் கையில் திணித்தாள்.

பதினாலு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "அடிக்கறதா? யாரை?" என்றாள் ஒருத்தி. பவுனு சாட்டையைக் கையில் எடை பார்த்தாள். அவள் கூட்டிக்கொண்டு வந்தவர்கள், அவள்தான் முதலில் இறங்க வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்க அக்கா, போவலாம். புடவைதான, தொவைச்சா போவுது. நமக்குத் தொவைக்கத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டித் தெருவில் கால் வைத்தாள்.

முதல் வாளித் தண்ணீர் சந்திரம்மாளின் தலையில்தான் விழுந்தது. மாம்பழக் கலர் சின்னாளப்பட்டு ஒரே நொடியில் கத்திரிப்பூ நிறமாயிற்று. ஊற்றியவன் முறுக்கு மீசை வைத்த ஒரு வாட்டசாட்டமான ஆள். சந்திரம்மாள் தன் புடவையைக் குனிந்து பார்த்தாள், அவனை நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வருஷமாக டெல்லியின் பெட்ஷீட்டுகளை அடித்துத் துவைத்த கை அது. விழுந்த சத்தத்தில் மேளம் ஒரு கணம் நின்றது. மீசைக்காரன் முதுகைத் தேய்த்துக்கொண்டு, "அரே, இந்தப் பாட்டி எந்த ஊர்?" என்று கத்தினான். "டெல்லி" என்று கமலேஷ் அதைவிட உரக்கக் கத்தினாள். "டெல்லியிலேருந்து வந்திருக்காங்க, நம்ம ஹோலிக்கு."

மொட்டை மாடிகளிலிருந்து கைதட்டல் எழுந்தது. அந்தத் தெருவுக்கே அது சேதியாகிவிட்டது. டெல்லி வந்திருக்கிறது, டெல்லி அடிக்கிறது என்று முன்னாலேயே ஓடிப்போய்ச் சொன்னார்கள். பவுனு முன்னால் நடந்தாள், பின்னால் கவிப்ரியாவும் மற்றப் பதிமூன்று பேரும், இரண்டு பக்கமும் தேவல்சர்ப் பெண்கள். ஆண்கள் சுவரோடு ஒட்டி வழி விட்டார்கள். டெல்லியில் ஒரு லிஃப்ட்டுக்குள் நுழையக்கூட ஓரமாக நிற்கச் சொல்லப்படுகிறவர்கள் அந்தப் பெண்கள். இங்கே தெருவின் நடுவில் நடந்தார்கள். பவுனு நாலு பேரை அடித்தாள். நாலாவது ஆளை அடித்தபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். திரும்பிப் பார்த்தபோது வெள்ளைக் குர்தாவில் வெள்ளையே மிச்சமில்லாத கவிப்ரியா, ஒரு கையில் அம்மாவின் ஃபோனைப் பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இரண்டு பேரைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.

ஒரு மணிக்கு எல்லாம் அடங்கியது. படிக்கிணற்றின் மேல் படிகளில் பெண்கள் மட்டும் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு ஆண்கள்தான் பரிமாற வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். சந்திரம்மாளிடம் அடி வாங்கிய மீசைக்காரனே குஜியா என்கிற ஹோலி இனிப்புத் தட்டோடு வந்து முதலில் அவளுக்கு வைத்தான். அவன்தான் நகராட்சி சேர்மன் என்று கமலேஷ் அப்போதுதான் சொன்னாள். சந்திரம்மாள் கொஞ்சமும் அசராமல் இன்னொரு குஜியா கேட்டாள். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் படி படியாகக் கைமாறிப் போயிற்று. பெயர் தெரியாத அந்தச் சோற்றைத் தேவல்சர் கையை நக்கிச் சாப்பிட்டது.

கவிப்ரியா அம்மாவின் ஃபோனைப் பையிலிருந்து எடுத்துத் துடைத்தாள். ஜ்யோத்ஸ்னா உதய்பூரிலிருந்து ஸ்டேட்டஸ் போட்டிருந்தாள். திறந்து பார்த்தாள். ஏரி, அதற்கு முன்னால் நெருக்கித் தள்ளும் கூட்டம், கறுப்புக் கண்ணாடியோடு ஜ்யோத்ஸ்னாவும் கணவரும். படத்தின் ஓரத்தில் இருபது வயதிருக்கும் ஒரு பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஏரிக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவள் முகத்தில் பாதியைத்தான் படம் எடுத்திருந்தது. கவிப்ரியா அதை விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஃபோனை அம்மாவிடம் கொடுத்தாள். பவுனுவும் பார்த்தாள். அந்தப் பெண்ணாவது சாப்பிட்டாளோ என்னவோ என்று நினைத்துக்கொண்டு ஃபோனை இடுப்பில் செருகினாள். இப்ப என்ன சொல்றே என்று மகளிடம் கேட்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அப்போது மேல்படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியை, கவிப்ரியாவைப் பார்த்துக் கேட்டாள். "டெல்லிக்காரங்க ஜெய்ப்பூர் போவாங்க, உதய்பூர் போவாங்க. எங்க ஊர் வழியா ரயில்ல போவாங்க, ஜன்னலைக்கூடத் திறக்க மாட்டாங்க. நீங்க எப்படி இங்கே இறங்கினீங்க? வண்டி மாறி ஏறிட்டீங்களா?"

படிகளில் சிரிப்பு எழுந்தது. பவுனு சிரிக்கவில்லை. மகளின் வாயையே பார்த்தாள்.

கவிப்ரியா எழுந்து நின்றாள். மூக்கிலிருந்து பச்சை சொட்டிக்கொண்டிருந்தது. காலேஜில் பேசுகிற அந்தத் திருத்தமான ஹிந்தியில், கிணற்றின் அடி வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "மாறி ஏறல டீச்சர். எங்கம்மாவை இதே நாள்ல உதய்பூருக்கு பிளேன்ல கூப்பிட்டாங்க. அவங்க வரமாட்டேன்னுட்டாங்க. ஜனவரியில தனியா வந்து உங்க ஊரைப் பார்த்தாங்க. பார்த்துட்டு, இதுதான் வேணும்னு எடுத்தாங்க."

ஆசிரியை திரும்பி, யார் அவள் அம்மா என்று கேட்டாள். கமலேஷும் சந்திரம்மாளும் இன்னும் நாலைந்து பேரும் ஒரே நேரத்தில் பவுனுவைக் காட்டினார்கள். எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. ஊதாவும் சிவப்புமாக வழிந்துகொண்டிருந்த பவுனு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த ஒன்பது வருஷத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

"டெல்லியில என்ன செய்றீங்க பெஹன்ஜி?" என்று ஆசிரியை மரியாதையாகக் கேட்டாள்.

"நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்கிறேன்" என்றாள் பவுனு, குரலைத் தாழ்த்தாமல். "வருஷத்துக்கு மூணு ஊர் பாக்கறேன்."